காப்பகமா, களஞ்சியமா, வைப்பகமா?

‘கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிளேக் காப்பகம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். தமிழ் மட்டும் தெரிந்தவர் இதைப் படித்தால், பிளேக் கண்டவர்களைக் கொண்டுபோய் அடைத்துவைத்த இடம் என்றுதான் நினைப்பார். முதியோர் காப்பகம், குழந்தைகள் காப்பகம், முதுமலைப் புலிகள் காப்பகம் என்று கேட்டுப் பழகிய காது வேறு எப்படிப் பொருள் கொள்ளும்? எழுதியவர் சொல்ல வந்ததோ ரெபாசிட்டரி, அதாவது ஆய்வேடு, தரவு, படம் முதலியவற்றைப் பிறர் எடுத்துப் பயன்படுத்துவதற்காக இணையத்தில் வைக்கும் இடம். அந்தச் சொல் எங்கே வந்தாலும் காப்பகம் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பல இடங்களில் பொறுத்துக்கொள்ளலாம், இந்த இடத்தில் முடியாது.

ஏனென்றால் அங்கே இருப்பவை ஒளிப்படங்கள். 1894-இல் ஹாங்காங்கையும் 1896-இல் பம்பாயையும் தாக்கி, பிறகு துறைமுகம் துறைமுகமாகப் பரவிய மூன்றாவது பிளேக் பெருந்தொற்றின்போது எடுக்கப்பட்டவை. கிறிஸ்டோஸ் லின்டெரிஸ் என்ற மானிடவியலாளர் தலைமையில் நடந்த ஆய்வுத் திட்டம், பல நாட்டு நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடந்த அந்தப் படங்களின் டிஜிட்டல் படிகளைத் திரட்டி, கேம்பிரிட்ஜின் ‘அப்போலோ’ என்ற ரெபாசிட்டரியில் சேர்த்தது. (பெயர் வைத்தவர்கள் யோசித்தார்களோ என்னவோ, ஹோமரின் ‘இலியட்’ காவியத் தொடக்கத்தில் கிரேக்கப் பாசறைக்குள் கொள்ளைநோயை அம்பாக எய்யும் கடவுளே அப்போலோதான்.) பம்பாய்ப் படங்களில் வீட்டுச் சுவர்களில் ‘யு.ஹெச்.ஹெச்.’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற வீடு என்று அரசு முத்திரை குத்திய மூன்றெழுத்து அது. நோயாளிகளையும் அவர்களோடு இருந்தவர்களையும் பிரித்துவைத்த முகாம்களும் படங்களில் உண்டு. ஆட்களை உண்மையிலேயே அடைத்துவைத்த முகாம்களின் படங்கள் உள்ள இடத்துக்குப் ‘பிளேக் காப்பகம்’ என்று பெயர் வைத்தால், படம் எது, முகாம் எது?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘போனெரே’ என்றால் வைத்தல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் எடுத்துவைத்தல், திரும்ப வைத்தல். அதிலிருந்து ‘ரெபோசிட்டோரியம்’, பொருள்களை எடுத்துவைக்கும் இடம். நம் வங்கிகளில் புழங்கும் டெபாசிட்டும் இதே வேரில் பிறந்ததுதான். வேரில் காவலும் இல்லை, குவியலும் இல்லை. வைத்தல் மட்டுமே இருக்கிறது.

காப்பகம் என்பதில் இருப்பது ‘கா’. காத்தல், அழியாமல் பார்த்துக்கொள்ளுதல். சென்னை எழும்பூரில் உள்ளதை ஆவணக் காப்பகம் என்பது முற்றிலும் பொருத்தம். மூல ஆவணம் அங்கேதான் இருக்கிறது. அது கெட்டால் வேறு இல்லை. அப்போலோவில் உள்ள பிளேக் படங்களின் கதை அப்படியில்லை. மூலப் படத்தைக் காப்பவர் வேறொரு நூலகத்தார், இங்கே இருப்பது படி. படத்தோடு, அது எங்கே எடுக்கப்பட்டது, எப்போது, மூலம் யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பும் சேர்ந்தால்தான் ஆய்வாளருக்குப் பயன்.

ஸ்டீபன் ஹாக்கிங் 1966-இல் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேட்டைக் கேம்பிரிட்ஜ் நூலகம் ஐம்பது ஆண்டு காத்துக்கொண்டுதான் இருந்தது. 2017 அக்டோபரில் அதை அப்போலோவில் வைத்து எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். வந்த கூட்டத்தைத் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. நூலகம் செய்தது காப்பு. 2017-இல் நடந்தது வைப்பு.

‘அப்படியானால் களஞ்சியம் என்று சொல்லலாமே’ என்பார்கள். அழகான சொல்தான். கணினியாளர்களும் நிரல்கள் சேரும் இடத்தை அப்படித்தான் அழைக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. களஞ்சியத்தில் கொட்டிய நெல்லில் இது யார் வயலில் விளைந்தது என்று பிரித்தெடுக்க முடியாது, அளக்கத்தான் முடியும். இங்கே ஒவ்வொரு படத்துக்கும் ஆய்வேட்டுக்கும் தரவுக் கோப்புக்கும் தனித்தனி அடையாள எண் உண்டு, வைத்தவர் பெயர் உண்டு. தவிர, கலைக்களஞ்சியம் என்ற பெயரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை கொடுத்தாயிற்று. தலைப்புக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். காப்பகத்துக்கு வருவேன்.

நான் முன்வைப்பது வைப்பகம். ‘அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி’ என்ற குறளில் வரும் வைப்புழி, பொருளை வைக்கும் இடம்தான். வேர்ப்பொருளில் இதைவிட நெருக்கமாக ஒரு சொல் அமைவது கடினம். தனித்தமிழில் வங்கிக்கு வைப்பகம் என்று எழுதுவோர் உண்டே என்றால், வங்கி என்ற சொல் நிலைத்து வெகுகாலமாகிவிட்டது. அந்த இடம் காலி. ‘வைப்பு’ என்றதும் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பவர்கள் தங்கள் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தும் சிரிப்பார்களா?

இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு சொல் தனியாக வாழ்வதில்லை, அதன் குடும்பமும் கூடவே வர வேண்டும். ஆய்வேட்டை வைப்பவர் வைப்பாளர், அவர் செய்வது வைப்பு, அதற்கான விதி வைப்பு விதி. காப்பகத்திலிருந்து கிளைத்தால் காப்பாளர் வருகிறார், அவர் விடுதியில் இரவு வருகை எடுக்கிறவர். களஞ்சியத்திலிருந்து வினையே பிறக்காது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை இதுதான். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் துறையில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது, யார் வைக்கிறார், யார் எடுக்கிறார் என்று பார்ப்பதில்லை. ஆர்க்கைவ், ரெபாசிட்டரி, கலெக்‌ஷன் மூன்றுக்கும் ஒரே காப்பகம். ‘காப்பகத்தின் காப்பகத்திலுள்ள காப்பகம்’ என்று ஒருநாள் எழுதினாலும் எழுதுவார்கள். ஆவணக் காப்பகம், வைப்பகம், தொகுப்பு என்று மூன்று சொல் கையில் இருக்கும்போது இந்தச் சிக்கனம் யாருக்காக? அந்தத் தலைப்பை ‘கேம்பிரிட்ஜ் ஆய்வு வைப்பகத்தில் உள்ள பிளேக் ஒளிப்படத் தொகுப்பு’ என்று எழுதியிருக்கலாம். மூன்று சொல் கூடும், அவ்வளவுதான்.