இரண்டாவது ரிவியூவருக்கு என்ன பதில் எழுதுவது?

மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் பார்க்கிறவள் நான். ஆய்வுக் கட்டுரை அனுப்பிய ஜர்னலிலிருந்து ‘மேஜர் ரிவிஷன்’, அதாவது பெரிய திருத்தங்கள் வேண்டும் என்று மெயில் வந்தால் பிள்ளைகள் நேராக என் அறைக்குத்தான் வருவார்கள். அப்படி வந்த ஒரு முதுகலை மாணவி, இரண்டாவது ரிவியூவரின் (ஜர்னலுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் வல்லுநர்) நான்காவது குறிப்பைச் சிவப்பு மையால் நாலைந்து முறை வட்டமிட்டிருந்தாள். ‘நோயாளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கவில்லை’ என்பதுதான் குறிப்பு.

“நாலாம் பக்கத்திலேயே எழுதியிருக்கேன் மேடம். அவர் படிக்கவே இல்ல.”

“சரிம்மா, அந்தப் பக்கத்தை எடு.”

எடுத்தாள். ‘தகுதியுள்ள சர்க்கரை நோயாளிகள் 214 பேர் சேர்க்கப்பட்டனர்’ என்று ஒரே ஒரு வரி. மொத்தம் எத்தனை பேரைக் கேட்டாய் என்றேன். யோசிக்காமல் சொன்னாள்: 260 பேர். அதில் 31 பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள், 15 பேருக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் கிடைக்கவில்லை. எல்லாம் அவள் நோட்டில் இருக்கிறது, மனப்பாடமாகவும் இருக்கிறது. பேப்பரில் மட்டும் இல்லை. இந்த மாதிரி ஆய்வுகளை எழுதுவதற்கான ஸ்ட்ரோப் வழிகாட்டியும், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்தார்கள், மற்றவர்கள் ஏன் விடுபட்டார்கள் என்று சொல்லச் சொல்கிறது. ரிவியூவர் கேட்டதும் அதையேதான்.

அவள் முதலில் எழுதி வைத்திருந்த பதில்: ‘இந்த விவரம் ஏற்கெனவே பக்கம் 4-இல் உள்ளது.’ அதை அடித்துவிட்டு ஆங்கிலத்தில் வேறு எழுதினோம். சாரம் இதுதான்: ‘சுட்டிக்காட்டியதற்கு நன்றி. முதல் வடிவில் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 260 பேரை அணுகினோம். 31 பேர் மறுத்தனர், 15 பேரின் பரிசோதனை முடிவு கிடைக்கவில்லை. இந்த விவரத்தை முடிவுகள் பகுதியின் தொடக்கத்தில் சேர்த்திருக்கிறோம் (பக்கம் 7, வரி 151–156). ஒரு வரைபடமும் புதிதாக வைத்திருக்கிறோம்.’

பலர் தவறுவது இங்கேதான். பதில் கடிதத்தில் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிவிட்டுப் பேப்பரில் கை வைக்க மாட்டார்கள். ஒரு ரிவியூவருக்கு வந்த சந்தேகம் நாளைக்குப் படிக்கிற நூறு பேருக்கும் வரும். அவர்கள் கையில் உங்கள் கடிதம் இருக்காது.

கோபம் வருவது இயல்பு. ஐன்ஸ்டைனுக்கே வந்திருக்கிறது. 1936-இல் அவரும் நேதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்று வாதிட்டு ‘ஃபிசிக்கல் ரிவியூ’வுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். எடிட்டர் ஜான் டேட் அதை ஒரு ரிவியூவரிடம் கொடுத்து, வந்த பத்துப் பக்கக் குறிப்பை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். வெளியாளிடம் காட்ட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற தோரணையில் பதில் எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார் ஐன்ஸ்டைன். அடுத்த ஆண்டு அது வேறொரு ஜர்னலில் வெளிவந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. ரிவியூவர் சொன்னது சரிதான். அதனால் மெயில் வந்த அன்று ஒரு வரியும் எழுதாதீர்கள் என்பேன். இரண்டு நாள் கிடக்கட்டும்.

கோபத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்னொரு பழக்கம்: எதற்கெடுத்தாலும் தலையாட்டுவது. பெரியவர் சொல்லிவிட்டார், செய்துவிடுவோம் என்று நம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘அப்படியே செய்துவிட்டோம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இதே மாணவியின் பேப்பரில் முதல் ரிவியூவர், ஆய்வு முடிந்த பிறகு பவர் (உண்மையில் ஒரு வேறுபாடு இருந்தால் அதை ஆய்வு கண்டுபிடிக்கும் வாய்ப்பு) கணக்கிட்டுக் காட்டச் சொல்லியிருந்தார். அடிக்கடி வரும் கோரிக்கை இது, ஆனால் பயனில்லாதது. கிடைத்த முடிவை வைத்தே கணக்கிடும் பவர், பி மதிப்பு (வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) சொன்னதையே வேறு எண்ணில் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். எனவே நன்றி சொல்லி, காரணத்தை இரண்டு வரியில் எழுதி, அதற்குப் பதிலாக 95 சதவீத நம்பக இடைவெளிகளை (உண்மையான அளவு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டுபவை) அட்டவணையில் சேர்த்தோம். மறுக்கலாம். ஆனால் வெறுங்கையோடு மறுக்கக் கூடாது. அவருடைய கவலைக்கு வேறு வழியில் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு ரிவியூவர் விவாதப் பகுதியைச் சுருக்கச் சொல்வார், மற்றவர் விரிக்கச் சொல்வார். இருவரையும் திருப்திப்படுத்தப் பார்த்தால் கட்டுரை கந்தலாகிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணத்தை இருவருக்குமான பதிலிலும் எழுதுங்கள். கடைசியில் முடிவெடுப்பவர் எடிட்டர். அவர் அவசரத்தில் கடிதத்தை மட்டும் படித்தாலும் விஷயம் புரிய வேண்டும்.

ஒரே குழுவின் நாலைந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லிக் குறிப்பு வந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். படித்துப் பாருங்கள், உண்மையிலேயே தொடர்புள்ளதைச் சேருங்கள். மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று பணிவாகச் சொல்லிவிடலாம். தன் மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ரிவியூவர் அப்படிக் கேட்கக் கூடாது என்று ஆய்வு வெளியீட்டு நெறிகளை வகுக்கும் கோப் அமைப்பின் நெறிமுறையே சொல்கிறது. நெருக்கடி தருவதாகத் தோன்றினால் எடிட்டருக்குத் தனியாக எழுதுங்கள்.

‘ரிவியூவர் கமெண்ட்ஸுக்கு நாங்களே பதில் எழுதித் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை. 31 பேர் ஏன் மறுத்தார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம், வரி எண்களைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும். ட்ராக் சேஞ்சஸோடு (திருத்தங்கள் கண்ணுக்குத் தெரியும்படி) உள்ள கோப்பில் ஒரு எண் இருக்கும், திருத்தங்களை ஏற்றுக்கொண்ட கோப்பில் வேறு எண் இருக்கும். எந்தக் கோப்பின் எண் என்று கடிதத்தின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். கெடு போதாது என்றால் அது முடிவதற்குள் எடிட்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். இந்த மாணவியும் மூன்று வாரம் கேட்டு வாங்கினாள். இரண்டாவது சுற்றில் சிவப்பு வட்டத்து ரிவியூவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: புதிய வரைபடத்தில் ஒரு எழுத்துப்பிழை.