நிழலில் நடந்தவருக்கு ஏன் கிறுகிறுத்தது?

தாராவியில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சுகர், மீதிப் பாதிக்கு பிபி. எல்லோருக்கும் நான் சொல்வது 'நடங்க'. எங்கே நடக்கிறது என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயம்தான். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள் இவை. அதனால் சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டைத் தாண்டி இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்கைக் கை காட்டுவேன்.

37 ஏக்கர். ஒரு காலத்தில் மும்பையின் குப்பையைக் கொட்டிய மேடு அது. 1983இல் பறவை அறிஞர் சாலிம் அலி அங்கே மரக்கன்று நட்டார், 1994இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று ஒரு பக்கம் மித்தி ஆறும் கண்டல் மரங்களும், அக்கரையில் பிகேசி என்கிற பாந்த்ரா-குர்லா வணிக வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களும். உள்ளே சுற்றி வரும் பாதையில் ஏற்றம் இறக்கம் கிடையாது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டுகூட நடக்கலாம்.

இப்படிச் சுலபமான பாதையில்தான் போன அக்டோபரில் எங்கள் அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அண்ணாச்சிக்கு 61 வயது. முப்பது வருஷம் சைக்கிளில் இட்லி விற்றவர், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். என் நோயாளிகள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு காலை ஒன்பதரைக்கு நடக்கத் தொடங்கினோம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான், அது என் தப்பு. பாதி சுற்று வந்திருப்போம். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க அவர் மூன்று தடவை முயற்சி செய்தார், விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிப் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா, லேசா கிறுகிறுன்னு வருது."

"காலைல சாப்பிட்டீங்களா?"

"மாத்திரை போட்டாச்சு."

கேள்வி ஒன்று, பதில் வேறு. சர்க்கரை நோயாளிகளிடம் இந்தப் பதில் வந்தாலே நான் கையில் சுகர் மீட்டரை எடுத்துவிடுவேன். 58 காட்டியது, சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்: "ஊருக்கே இட்லி வித்த மனுசன், ஒரு இட்லி திங்காம வந்துருக்காரு பாருங்க!"

மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 96 வந்துவிட்டது. ஆனாலும் எழுந்து நின்றால் கிறுகிறுப்பு போகவில்லை. உட்கார்ந்திருக்கும்போது பிபியின் மேல் எண் 110, எழுப்பி நிறுத்தினால் 88. சுகர் ஒன்று, உப்பும் நீரும் வற்றியது ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் அவரைப் பிடித்திருந்தன.

"வெயிலே படலையே டாக்டரம்மா, முழுக்க நிழல்லதானே நடந்தோம்?" என்றார். அன்றைக்கு அவர் கேட்ட நல்ல கேள்வி இது. நம் பேச்சில் வெயிலுக்கு ஒரு சொல், புழுக்கத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. ஆனால் பயப்படுவது வெயிலுக்கு மட்டும்தான். உடம்பு சூட்டை இறக்குவது வேர்வை வடிவதால் இல்லை, அது ஆவியாவதால். ஒரு லிட்டர் வேர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது வேர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிய வேர்வை வீண்தான், குளிர்ச்சி தராது, உப்பையும் நீரையும் மட்டும் கொண்டுபோகும். மரங்கள் வெயிலை மறைக்கும், சரி, காற்றையும் சேர்த்தல்லவா மறைக்கின்றன. மழை முடிந்த அக்டோபரில் கடற்காற்று தாமதமாகக் கிளம்பும் நாட்களில் மும்பையின் வெக்கை திடீரென ஏறும். இங்கே 'அக்டோபர் ஹீட்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறோம்.

இதோடு மாத்திரையையும் சேர்த்துப் பாருங்கள். அண்ணாச்சி சாப்பிடும் சுகர் மாத்திரை கிளிமிபிரைடு. வயிற்றில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அவருடைய பிபி மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்திருக்கிறது, அது சிறுநீர் வழியே உப்பை வெளியேற்றுவது. மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இதுதான். சிலருக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை இதயத்துடிப்பை ஏறவிடாது, அதனால் நாடியைப் பிடித்துப் பார்த்து 'நார்மலா இருக்கே' என்று ஏமாறலாம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நடக்கப் போகிற நாளில் எதை எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், போதும்.

தண்ணீரோடு உப்பும் உடம்புக்குள் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மோர் இருக்கிறது. ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைப் பொடி என்றால் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கிக் குடிப்பவர்களை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சுகர்காரர்கள் அந்தப் பெட்டியைத் தொடாமல் இருப்பது உத்தமம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாகி, தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை, கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கூட நடப்பவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். வெப்பத்தாக்கில் உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், மூளை தடுமாறும். வேர்த்துக்கொண்டிருக்கிறாரே, பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம், வேர்க்கும்போதும் அது வரும். நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருவர் 108ஐக் கூப்பிடட்டும், இன்னொருவர் விசிறலை நிறுத்தாமல் இருக்கட்டும். 2023 ஏப்ரலில் நவி மும்பையின் கார்கரில் திறந்தவெளி விழாவில் பத்துப் பேருக்கு மேல் வெக்கையில் இறந்தார்களே, அங்கே அவர்கள் மலை ஏறவில்லை, உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. மும்பைக் கடலோரக் கண்டல் காடுகளில் தில்லை மரமும் உண்டு. ஆமாம், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம். இலையைக் கிள்ளினால் வரும் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், தற்காலிகமாகப் பார்வையும் போகலாம். பட்டுவிட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் இந்த ஊரில் வருஷா வருஷம் வருகிறது, காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும்.

சுகர்காரர்களின் கால்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, இன்னொரு நாள் எழுதுகிறேன். நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புது ஷூ கடித்தால் வலிக்காது, புண் மட்டும் வரும்.

இப்போதெல்லாம் எங்கள் கூட்டம் கதவு திறந்ததும் உள்ளே போய், வெக்கை ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுகிறது. போன வாரம் வாசலில் அண்ணாச்சி எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று விரலைக் காட்டினார். மூன்று இட்லி. பின்னால் நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.