மேற்பட்டைக்கு ஆட்டம் பழக்கும் தலமஸ்

மூளையின் மடிப்பு மடிப்பான மேற்பட்டையில் பார்வைக்கு ஓரிடம், கேட்டலுக்கு ஓரிடம், தொடுகைக்கு ஓரிடம் உண்டு. இந்தப் பங்கீட்டின் எல்லைகளை மரபணுக்கள் பருமட்டாகவே வகுக்கின்றன. மிச்ச வேலையில் பெரும்பங்கு மூளையின் ஆழத்திலுள்ள தலமஸுடையது. மணம் தவிர்ந்த புலன் செய்திகள் எல்லாம் அதன் வழியாகவே மேற்பட்டையை அடைகின்றன.

மனிதக் கருவில் தலமஸின் நரம்பிழைகள் நேரே மேற்பட்டைக்குள் நுழைந்துவிடுவதில்லை. அதன் அடியிலுள்ள தற்காலிகப் படையொன்றில் சில வாரங்கள் தங்கி, ஏறத்தாழ 24ஆம் வாரம் முதல் மேலேறுகின்றன. மிகவும் குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகள் பலர் பிறப்பதும் இந்தக் காலப்பகுதியில்தான்.

புலன்கள் இயங்கும் முன்பே தலமஸ் தானாக மின்னலைகளை எழுப்புகிறது. மட்டக்களப்பில் கூத்து அரங்கேறப் பல மாதங்கள் இருக்கும்போதே, பார்ப்பவர் இல்லாத களரியில் அண்ணாவியார் மத்தளம் அடித்து ஆட்டம் பழக்குவாரே, அத்தகைய வேலை இது. 2019இல் ஸ்பெயினின் அலிகாண்டே நகர ஆய்வாளர்கள் எலிக்கருக்களில் இந்த அலைகளைக் குலைத்தார்கள். ஒவ்வொரு மீசை மயிரின் தொடுகைக்கும் ஓரிடம் என்ற வரைபடம் மேற்பட்டையில் சரிவர உருவாகவில்லை.

எனக்குப் பெரிதும் வியப்பூட்டுவது நரம்பியல் ஆய்வாளர் மிருகாங்கா சூர் குழுவின் பரிசோதனை. கீரியைப் போன்ற சிறு விலங்கான ஃபெரெட்டின் குட்டிகளில் விழித்திரை இழைகளைச் செவிக்குரிய தலமஸ் பகுதிக்கு அவர்கள் திருப்பிவிட்டார்கள். செவிக்குரிய மேற்பட்டையிலேயே கோடுகளின் சாய்வைப் பிரித்தறியும் கலங்கள் தோன்றின! வந்த செய்திக்கு ஏற்ப அந்த இடம் தன்னை அமைத்துக்கொண்டது.

பிறந்த பின்னும் இந்த அமைப்பு வேலை ஓய்வதில்லை. 1960களில் டேவிட் ஹியூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடிவைத்தார்கள். திறந்தபோது கண்ணில் பெரிய பழுதில்லை. ஆனால் குட்டிக்கு அதனால் பார்க்க முடியவில்லை. அந்தக் கண்ணுக்குரிய தலமஸ் இழைகள் மேற்பட்டையில் சுருங்க, மற்றக் கண்ணின் இழைகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இருவருக்கும் 1981இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஒரு கண்ணில் அடர்ந்த வெண்புரையோடு பிறந்த பிள்ளைக்கு முதல் 6 வாரங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவது இதனால்தான். ஏறாவூரிலோ திருக்கோவிலிலோ ஒரு தாய், "பிள்ளையின் கண்மணி வெள்ளையாகத் தெரிகிறது" என்றால், "கொஞ்சம் வளரட்டும்" என்று வீட்டார் தயவுசெய்து தடுக்க வேண்டாம். பிரசவத்தின் பின் வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவிடம் உடனே காட்டுங்கள். அவர் வரும் நாள் தள்ளியிருந்தால் நேரே ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.