பழைய டிராக்டரில் டீசல் கோளாறா? பம்பைக் கடைசியாகக் கழற்றுங்கள்

எங்கள் பம்புக் கடைக்குச் சாக்கில் சுற்றி வரும் டீசல் பம்புகளில் (டிராக்டர் இன்ஜினில் நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பு) பலவற்றை, பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தால் நன்றாகவே ஓடும். "வண்டி பாதி வயல்ல நின்னுடுதுங்க, பம்பு போயிருச்சுன்னு சொல்றாங்க" என்று கொண்டுவந்திருப்பார்கள். மாசி 1035, மஹிந்திரா 575, பழைய ஸ்வராஜ் என்று எந்த வண்டியானாலும் இதே கதைதான். கோளாறு பெரும்பாலும் பம்புக்கு முன்னால், சில்லறைக் காசில் முடிகிற இடத்தில் இருக்கும்.

ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் முதலில் இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். டேஷில் நாப் உள்ளே போயிருந்தாலும், கேபிள் துருப்பிடித்து பம்பில் இருக்கும் லீவர் திரும்பாமல் நிற்பதுண்டு. அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைக் கவனியுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் இன்ஜினுக்குள் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அது கம்ப்ரஷன், டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) பக்கம் பார்க்கவேண்டிய கோளாறு. கறுப்புப் புகைக்குப் பம்பைத் திட்டுவதற்கு முன் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள். பாதி நேரம் அது சேறாக இறுகியிருக்கும்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, திணறி நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் உண்டு. அதற்கு டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும். சேற்று வயலில் தொழி அடிக்கும்போது கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) இறைக்கும் சேறு அதை அடைத்துவிடும். மழைக்குப் பயந்து மூடிமேல் பாலிதீன் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று நுழைய வழியில்லை, அதனால் டீசலும் வராது. நின்றவுடன் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு குண்டூசி போதும்.

அடுத்தது ஏர் பிடிப்பது, அதாவது டீசல் பைப்புக்குள் காற்று புகுந்துவிடுவது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்புதான் ஃபீட் பம்பு. டேங்கிலிருந்து அதுவரை இருக்கும் பைப்பில் டீசல் அழுத்தத்தில் போவதில்லை, இழுக்கப்படுகிறது. அங்கே ஒரு ஹோஸ் வெடித்திருந்தாலோ, செப்பு வாஷர் நசுங்கியிருந்தாலோ வெளியே சொட்டாமலே உள்ளே காற்றை இழுக்கும். ஏர் எடுத்துவிட்டால் ஓடும், மறுநாள் காலையில் மறுபடி அதே தொல்லை. இதைப் பிடிக்க நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஒரு 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, டேங்க் மட்டத்துக்கு மேலே, சைலன்சருக்கு எட்டாத பக்கமாக உறுதியாகக் கட்டுங்கள். அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்பில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். வண்டி ஒழுங்காக ஓடினால் கோளாறு டேங்க், காக் (டேங்க் அடியில் உள்ள குழாய்த் திருகு), பைப் இந்த மூன்றில்தான். பம்பைத் தொடவே வேண்டாம்.

ஏர் எடுக்கும்போது முறை மாறக்கூடாது. முதலில் ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கை பம்பை அடிக்கவேண்டும். பிறகு பம்பில் இருக்கும் ஸ்க்ரூ. அதற்கும் பிறகுதான் நாசில் பக்கத்து நட்டுகள். புது ஃபில்டர் போடும்போது கேனிலிருந்து டீசலை மேலே ஊற்றி நிரப்பாதீர்கள், கை பம்பால் நிரப்புங்கள். ஊற்றுகிற டீசலில் உள்ள தூசு வடிகட்டாமலே பம்புக்குப் போய்விடும். பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு தலைமுடி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். பேப்பர் எலிமெண்டைப் பெட்ரோலில் அலசி மறுபடி போடுவது சிக்கனம் இல்லை. அலசினால் பேப்பர் கிழிந்து தூசு நேராகப் பம்புக்குப் போகும்.

"பிஎஸ்-6 டீசல் வந்ததிலிருந்து பழைய பம்பெல்லாம் தேயுது" என்று ஒரு பேச்சு இருக்கிறது. பிஎஸ்-6 என்பது புகை மாசைக் குறைக்க அரசு வைத்த தர அளவு. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மில் இருந்து 10 ஆகக் குறைந்தது உண்மை. அதனால் குறையும் வழவழப்புக்கு ஈடாகச் சேர்க்கை கலந்துதான் டீசல் வருகிறது. நீங்கள் தனியாக ஆயில் கலக்கத் தேவையில்லை. பம்பை நிஜமாகத் தேய்ப்பது மண்ணெண்ணெய் கலந்த டீசலும் தண்ணீரும்தான். துத்தநாகப் பூச்சு போட்ட டிரம்மில் டீசலை வைக்காதீர்கள். அறுவடை முடிந்து வண்டியை நிறுத்தும்போது டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி டேங்கின் சுவரில் இரவில் வேர்க்கும் தண்ணீர் அடியில் தங்கி, துருவையும் பாசி மாதிரி ஒரு கசடையும் உண்டாக்கும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் தாமதம் கூடாது. இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கேஜ் கம்பியில் அளவு ஏறிக்கொண்டே போய், ஆயிலில் டீசல் வாசம் அடித்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள். ஃபீட் பம்பு டயாபிரமோ, பம்பு சீலோ கிழிந்து டீசல் உள்ளே இறங்குகிறது. "ஆயில் குறையவே மாட்டேங்குது" என்று சந்தோஷப்பட்டவர்கள் பேரிங் செலவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று, நாசில் பீய்ச்சுவதை விரல் வைத்துப் பார்ப்பது. முன் டயரில் இருப்பது சுமார் 2 பார் காற்று. நாசில் திறப்பதே 200 பார் அளவில். அந்த வேகத்தில் டீசல் தோலுக்குள் ஏறும். முதலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்கவேண்டிய நிலை வரலாம். உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் பம்புதான் என்று தெரிந்தால் கொண்டுவாருங்கள். கழற்றும் முன் டைமிங் குறி தெரிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உளியால் ஒரு கோடு போடுங்கள். பைப் வாய்களையெல்லாம் சுத்தமாக மூடுங்கள், பஞ்சு வேஸ்ட் திணிக்காதீர்கள். நாசில்களையும் சேர்த்தே எடுத்துவாருங்கள்.