புளியங்கொட்டையும் பிராட்மனின் சராசரியும்

2025 ஜூலையில் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் இங்கிலாந்தின் ஜோ ரூட் ஆஸ்திரேலியாவின் ரிக்கி பாண்டிங்கைத் தாண்டினார். டெஸ்டில் அதிக ரன் எடுத்தவர்கள் வரிசையில் அவருக்கு மேலே மிஞ்சியது சச்சின் மட்டும்தான். அதை ஒட்டி ஒரு மாணவி கேட்டிருந்தார்: “மொத்த ரன்னைப் பார்த்தால் சச்சின், சராசரியைப் பார்த்தால் பிராட்மன். எதை நம்புவது?”

சராசரியை நம்பலாம். ஆனால் அது எதை அளக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரன்களை இன்னிங்ஸ் எண்ணிக்கையால் அல்ல, எத்தனை முறை அவுட் ஆனார் என்பதால் வகுக்கிறோம். சச்சின் 329 இன்னிங்ஸில் 33 முறை நாட் அவுட், 296 முறை அவுட். 15,921 ரன்னை 296ஆல் வகுத்தால் 53.78. அதாவது சுமார் 54 ரன்னுக்கு ஒரு அவுட். ஆஸ்திரேலியாவின் பிராட்மன் 6,996 ரன் எடுத்து 70 முறை அவுட் ஆனார்: 99.94. நூறு ரன்னுக்கு ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஒருவர் அவுட் ஆகும் வாய்ப்பு எந்த ரன்னிலும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வோம். 10 ரன்னில் இருந்தாலும் சரி, 150இல் இருந்தாலும் சரி. அப்படியானால் அவர் கதிரியக்க அணு மாதிரி. அணு எத்தனை காலமாக இருக்கிறது என்பது அதன் சிதைவைத் தீர்மானிப்பதில்லை. அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு எப்போதும் ஒன்றே. ஆகவே பேட்ஸ்மேனுக்கும் அரை ஆயுள் உண்டு, அதாவது பாதி இன்னிங்ஸ் முடிந்துபோயிருக்கும் ரன். சராசரியை 0.69ஆல் பெருக்குங்கள். சச்சினுக்கு 37 ரன், பிராட்மனுக்கு 69.

தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையைத் தரையில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அப்படி நூறு கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சச்சினின் ஓர் இன்னிங்ஸ். ஒரு வீச்சு 37 ரன். வெள்ளை விழுந்தவை அவுட். ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி வீசுங்கள். முதல் வீச்சில் ஐம்பது போல மிஞ்சும். இரண்டாவதில், அதாவது 74 ரன்னில், இருபத்தைந்து. மூன்றாவது வீச்சு 111 ரன், பன்னிரண்டோ பதின்மூன்றோ. சதம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. கணக்குப்படி 100 கொட்டையில் 16. உண்மையில் சச்சின் 329 இன்னிங்ஸில் அடித்தது 51 சதம், 15.5 விழுக்காடு! பிராட்மனுக்குக் கணக்கு 37 விழுக்காடு என்கிறது. அவர் 80 இன்னிங்ஸில் 29 அடித்தார், 36 விழுக்காடு. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த ராத்திரி, நம்ப முடியாமல் கால்குலேட்டரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அந்த 29இல் எத்தனை இரட்டைச் சதமாக வேண்டும்? அதே 37 விழுக்காடுதான், சுமார் 11. ஆனது 12.

தொண்ணூறுகளில் கை நடுங்கும் என்ற நம்பிக்கையையும் இதில் சோதிக்கலாம். 53.78 சராசரிக்காரர் எந்தப் பத்து ரன்னைக் கடக்கும்போதும் அவுட் ஆகும் வாய்ப்பு 17 விழுக்காடு. சச்சின் 90ஐத் தொட்டது 61 முறை; 99க்குள் நின்றது 10 முறை. 16 விழுக்காடு. இருபதுகளில் உள்ள ஆபத்துதான் தொண்ணூறுகளிலும். ஸ்கோர் 111 ஆனால், அது ராசியில்லாத எண் என்று, நடுவராக இருந்த டேவிட் ஷெப்பர்ட் காலைத் தூக்கிக் குதிப்பார். பார்க்க அழகுதான், ஆனால் விக்கெட்டுக்கு 111 தெரியாது. இந்தச் சோதனைக்கு ஆய்வகமும் வேண்டாம், நிதியும் வேண்டாம், ஒரு ஸ்கோர் அட்டை போதும். பிளஸ் டூ கணக்கில் நிகழ்தகவை இப்படிச் சொல்லிக்கொடுத்தால், எண்களைப் பிள்ளைகள் ராசியாகப் பார்க்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, யார் சிறந்தவர் என்ற வரிசைக்கு வருவோம். சிதைவை எண்ணும்போது பிழை வரம்பும் எண்ணிக்கையிலிருந்தே கிடைக்கும்: சராசரியை அவுட் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். சச்சின் 54, கூடவோ குறையவோ 3. மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ் 58, வரம்பு 5. தென்னாப்பிரிக்காவின் கிரேம் பொல்லாக் 61, ஆனால் 37 முறைதான் அவுட் ஆனதால் வரம்பு 10. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே இரண்டாம் இடம் யாருக்கு என்று சராசரியால் சொல்ல முடியாது. ஆடுகளம், பந்துவீச்சு, காலம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கலங்கும். அங்கே அவரவர் ரசனைதான். எனக்கு சோபர்ஸ். பிராட்மனின் வரம்பு 12. அதைக் கழித்தாலும் 88. நிறைய ஆடியவர்களில் அந்த உயரத்தில் வேறு யாரும் இல்லை.

இந்தக் கணக்கு ஓரிடத்தில் மட்டும் பெரிதாகத் தவறுகிறது, பூஜ்யத்தில். சச்சினுக்கு ஆறு டக் வரவேண்டும், வந்தது 14. பிராட்மனுக்கு ஒன்றுகூட முழுதாக வரக்கூடாது, வந்தது ஏழு. அணுவுக்குப் பழகவேண்டியது எதுவும் இல்லை. மனிதக் கண்ணுக்கு வெளிச்சமும் பந்தின் வேகமும் திரும்பும் விதமும் பிடிபடச் சில ஓவர் வேண்டும். அதுவரை பிராட்மனும் சாதாரண ஆள்தான். ஏழாவது டக் 1948 ஆகஸ்ட் 14 அன்று ஓவலில், அவருடைய கடைசி இன்னிங்ஸில் வந்தது. இன்னும் 4 ரன் எடுத்து அவுட் ஆகியிருந்தால் சராசரி சரியாக 100. எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்து கூக்ளி, எதிர்பார்ப்பதற்கு மறுபக்கம் திரும்பும் பந்து. பிராட்மன் முன்னால் வந்து ஆடினார். பந்து உள்ளே திரும்பி ஸ்டம்பில் பட்டது.