மும்பைத் துறைமுகத்தின் பீரங்கிகளும் ஓதக் கணக்கும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துத் தமிழர்கள் கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேற்றி அழைத்துச் செல்லும் இடம் எலிபெண்டா தீவு. குகைச் சிற்பங்களைப் பார்த்ததும் பலர் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சற்று மேலே ஏறினால், ‘கேனன் ஹில்’ எனப்படும் குன்றின் மேல் பிரிட்டிஷ் காலத்துப் பெரிய பீரங்கிகள் இரண்டைக் காணலாம். துருவேறிய குழலைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்பவர்கள், அதை ஏன் இவ்வளவு சிரமப்பட்டு மலைமேல் ஏற்றினார்கள் என்றும் கேட்க வேண்டும். குண்டு நெடுந்தூரம் போகும் என்பதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: உயரத்தில் நின்றால்தான் கப்பல் இருக்கும் தூரத்தைச் சரியாக அளக்க முடியும்.

பத்தாம் வகுப்புக் கணக்கில், கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கப்பலைப் பார்க்கும் இறக்கக்கோணத்தைக் கொடுத்துத் தூரத்தைக் கேட்பார்கள் அல்லவா? கரைப் பீரங்கிப் படை செய்ததும் அதே கணக்குத்தான். பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி வாட்கின் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடிவமைத்த தூரமானியில், நோக்குபவர் தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியைக் கப்பலின் முன்முனை நீரைக் கிழிக்கும் இடத்தில் சரியாகப் பொருத்துவார். பாய்மரமோ புகைபோக்கியோ கணக்கில் சேராது. கப்பலுக்குக் கப்பல் அவற்றின் உயரம் மாறும், நீர்மட்டம் மட்டுமே எல்லாக் கப்பலுக்கும் பொது. நோக்கியின் உயரம் முன்பே தெரியும் என்பதால், அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்தே தூரம் கிடைத்துவிடும்.

உயரம் கூடக்கூடப் பிழை குறைவதுதான் இம்முறையின் உயிர்நாடி. 40 மீட்டர் உயரத்திலிருந்து 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கப்பலைப் பார்க்கும்போது, கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு தவறினாலே தூரம் ஏறக்குறைய 116 மீட்டர் பிசகிவிடும். 150 மீட்டர் உயரத்தில் அதே தவறு நேர்ந்தால் பிசகு 31 மீட்டர்தான். துறைமுகத்தின் நடுவே, கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத மிடில் கிரவுண்ட் என்ற தீவிலும் பீரங்கித் தளம் உண்டு. அவ்வளவு தாழ்வான பாறையில் இறக்கக்கோணம் கைகொடுக்காது. தாழ்ந்த கரைகளில், ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளியுள்ள இரண்டு நிலையங்களிலிருந்து ஒரே கப்பலை ஒரே நேரத்தில் நோக்கி, முக்கோணம் வரைந்து தூரம் காண வேண்டும்.

மும்பையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல்மட்டம் நான்கு, ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும்; இந்த ஏற்றவற்றம்தான் ஓதம். சென்னைக் கரையில் ஒரு மீட்டரை ஒட்டிய ஏற்றவற்றத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 40 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்ட கணக்கில் கடல் நான்கு மீட்டர் ஏறியிருந்தால் உண்மையான உயரம் 36 மீட்டர்தான். கருவி 4,000 மீட்டர் என்று சொல்லும் கப்பல் அப்போது 3,600 மீட்டரில் இருக்கும். குண்டு அதற்கு அப்பால் போய் விழும். எனவே அன்றைய, அந்த நேரத்து ஓத அளவைக் கருவியில் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மும்பை அப்பல்லோ பந்தரில் 1878 முதலே ஓத அளவுகள் பதிவாகி வருகின்றன. அந்தப் பதிவு கப்பலோட்டிகளுக்கு எவ்வளவு பயன்பட்டதோ, குறிபார்ப்பவர்களுக்கும் அவ்வளவு இன்றியமையாத வகை அறிவு என்பது என் எண்ணம். இதற்கு மேல் பூமியின் வளைவும் உண்டு: 4 கிலோமீட்டரில் கடல்பரப்பு சுமார் 1.25 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது, 8 கிலோமீட்டரில் 5 மீட்டர். காற்றில் ஒளி சற்று வளைவதால் இதில் ஒரு சிறு பகுதி ஈடாகிவிடும்.

தூரம் தெரிந்தாலும் கப்பல் காத்து நிற்பதில்லை. மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் போகும் கப்பல், குண்டு பறக்கும் பதினைந்து விநாடிக்குள் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால் நோக்கு நிலையத்தில் கப்பலின் இடத்தைத் தொடர்ந்து குறித்து, அது அடுத்து எங்கே இருக்கும் என்று கணித்து, தூரத்தையும் திசையையும் மின்கம்பி வழியாகப் பீரங்கிக்கு அனுப்பினார்கள். சுடுபவர் கப்பலைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இருட்டில் இவை எதுவும் நடக்காது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது, கரைப் பீரங்கிகளின் பதில் குண்டு ஒன்றும் அதன்மேல் படவில்லை. தட்டையான கரையும் இரவும் சேர்ந்த இடத்தில் இறக்கக்கோணத்துக்கு வேலையே இல்லை. துறைமுகங்களில் தேடுவிளக்குகளைப் பீரங்கித் தளத்தின் பிரிக்க முடியாத அங்கமாக அமைத்தது இதனால்தான்.

இரண்டாம் உலகப்போரில் வந்த ரேடார் உயரம், ஓதம், வெளிச்சம் மூன்றின் தேவையையும் நீக்கிவிட்டது. ரேடியோ அலை 4 கிலோமீட்டர் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் விநாடியின் பத்து லட்சத்தில் 27 பங்கு. அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் விமானமும் பின்னர் ஏவுகணையும் வந்துவிட, 1956இல் பிரிட்டன் தன் கரைப் பீரங்கிப் படையையே கலைத்துவிட்டது.

அடுத்த முறை குன்றின் மேல் ஏறுபவர்கள் கைபேசியின் சாய்வுமானியால் நங்கூரமிட்ட ஒரு கப்பலின் நீர்க்கோட்டை நோக்கி இறக்கக்கோணத்தை எடுத்துப் பார்க்கலாம். நிற்கும் இடத்தின் உயரத்திலிருந்து அந்த நேரத்துக் கடல்மட்ட உயரத்தைக் கழித்து, கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால் தூரம் வந்துவிடும். வரைபடத்தோடு ஒப்பிடும்போது விடை சில நூறு மீட்டர் தள்ளியிருந்தால், கைபேசி பாகையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருத்தமாகக் காட்டாததே முதல் காரணமாக இருக்கும்.