‘டக்’ என்றால் ஓர் இடம், ‘டகடக’ என்றால் வேறோர் இடம்

அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம் புறநகர் வீடு என்றால் முன்னும் பின்னும் புல்வெளி இருக்கும். எங்கள் வீட்டில் முக்கால் ஏக்கர். புல் முழங்காலைத் தொட்டால் பல ஊர்களில் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்துவிடும். தள்ளிக்கொண்டே வெட்டி முதுகு போன பிறகு, போன ஏப்ரலில் உட்கார்ந்து ஓட்டியபடி புல் வெட்டும் பழைய ரைடிங் மோவர் ஒன்றை வாங்கினேன். பேட்டரி போன மாதம்தான் மாற்றியது என்று சொல்லி விற்றார்கள். அங்கே ஸ்டார்ட் ஆகி நன்றாகவே ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கி மறுநாள் சாவியைத் திருப்பினால் டகடகடகடக என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இஞ்சின் அசையவில்லை.

மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தேன். 12.6 வோல்ட். ஈய அமில பேட்டரியில் ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2.1 வோல்ட். ஆக 12.6 என்றால் முழு சார்ஜ். ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிந்தது. பேட்டரி சரி, விளக்கு சரி, அப்புறம் இஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் ஏன் எடுக்கவில்லை?

பழைய மோவர் வாங்கும் அநேகம் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பணத்தைக் கரைக்கிறார்கள். ஆனால் வண்டி எழுப்புகிற சத்தமே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி சொல்லிவிடும். அதைப் புரிந்துகொள்ள மின்சாரம் போகும் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மோவரில் ஸ்டார்ட் செய்ய இரண்டு பாதைகள். ஒன்று சின்னப் பாதை. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், சாவி, பிரேக் பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எல்லாவற்றையும் கடந்து சொலினாய்டு என்ற டப்பாவுக்குள் இருக்கும் செப்புச் சுருளுக்குப் போகும். சில ஆம்பியர்தான் ஓடும், மெல்லிய வயர் போதும். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். நாம் கேட்கிற ‘டக்’ அதுதான். அந்தத் துண்டு இரண்டு தடித்த செப்பு முனைகளை இணைத்ததும் பெரிய பாதை திறக்கிறது. பேட்டரியிலிருந்து விரல் தடிமன் கேபிள், சொலினாய்டு, செல்ஃப் மோட்டார், இஞ்சின், வண்டியின் சட்டம், அங்கிருந்து நெகட்டிவ் முனையில் சேரும் எர்த் கேபிள் வழியாகத் திரும்பவும் பேட்டரி. இதில் ஓடுவது நூறு ஆம்பியருக்குப் பக்கம். தொடக்க நொடியில் அதற்கு மேலேயும் போகும்.

ஒரு போல்ட்டுக்கு அடியில் துரு ஏறி 0.05 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிகச் சின்ன எண். மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தாலும் பிடிபடாது. மீட்டரின் வயருக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும். ஹெட்லைட் 4 ஆம்பியர் எடுத்தால் அந்தத் துருவில் இழப்பது 4 × 0.05, அதாவது 0.2 வோல்ட். விளக்குக்கு அது தெரியவே தெரியாது. அதே துரு வழியாக 100 ஆம்பியர் போனால் இழப்பு 5 வோல்ட். பன்னிரண்டில் ஐந்து வழியிலேயே தொலைந்துபோனால் செல்ஃப் மோட்டார் எதை வைத்துச் சுற்றும்? ஆம்பியரையும் தடையையும் பெருக்கினால் வோல்ட் என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஓம் 1827-இல் எழுதிய விதி, இன்றைக்கும் தோட்டத்துக் கொட்டகையில் நம்மைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. பளு இல்லாதபோது எல்லாம் சரியாகத் தெரியும். மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் குறை வெளியே வரும்.

சரி, டகடக சத்தம் எதனால்? சொலினாய்டு இழுக்கிறது, பெரிய பாதை திறக்கிறது, செல்ஃப் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. உடனே வோல்ட் சரிகிறது. சுருளுக்குப் பிடித்து நிறுத்தும் வலு போய் இரும்புத் துண்டு விடுபடுகிறது. பளு நீங்கியதும் வோல்ட் மீண்டும் ஏறுகிறது, திரும்ப இழுக்கிறது. இதுவே நொடிக்குப் பல முறை நடக்கிறது. அதாவது சின்னப் பாதைக்கும் பெரிய பாதைக்கும் பொதுவான இடத்தில் குறை இருக்கிறது. பேட்டரி வலுவிழந்திருக்கலாம், டெர்மினலில் களிம்பு பூத்திருக்கலாம், எர்த் சரியில்லாமல் இருக்கலாம். மாறாக, ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அப்படியே நின்றால் சுருளுக்குப் போதிய வோல்ட் கிடைக்கிறது என்று அர்த்தம். அப்போது சந்தேகம் சொலினாய்டைத் தாண்டிப் போக வேண்டும். அதன் உள் முனைகள் கருகியிருக்கலாம், செல்ஃபுக்குப் போகும் கேபிள் கெட்டிருக்கலாம், செல்ஃபுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கலாம்.

என் வண்டியில் டகடக. ஸ்பார்க் ப்ளக் கேப்பைக் கழற்றிவிட்டு மகளை சீட்டில் உட்காரவைத்தேன். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் இன்னொன்றை இஞ்சினின் வெறும் அலுமினியத்திலும் அழுத்திப் பிடித்தேன். இரண்டுமே எர்த்தான், நடுவில் வோல்ட் இருக்கவே கூடாது. மீட்டரும் சுழியம் காட்டியது. “திருப்பட்டுமாப்பா?” என்றாள். திருப்பினாள். எண் ஐந்தும் ஆறுமாகத் துள்ளியது. இந்தச் சோதனையில் அரை வோல்ட்டைத் தாண்டினாலே வழியில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சீட்டுக்கு அடியில் எர்த் கேபிள் சட்டத்தோடு சேரும் போல்ட் மேலே பார்க்க முறுக்காகத்தான் இருந்தது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் செம்பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி துரு, அதற்கும் கீழே பெயிண்ட். உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தேன். டெர்மினலில் படிந்திருந்த வெள்ளைக் களிம்பை ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் கழுவினேன். மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட். செல்ஃப் ஒரே மூச்சில் சுற்றியது. விற்றவர் கழற்றிப் போட்ட பழைய பேட்டரியிலும் அனேகமாகக் குற்றமே இருந்திருக்காது.

சத்தமே வராத வண்டிகளும் உண்டு. அங்கே சின்னப் பாதையைத்தான் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது சொலினாய்டின் சிறிய முனைக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் ‘டக்’ இல்லை என்றால் சொலினாய்டையோ அதன் எர்த்தையோ சந்தேகிக்கலாம். வரவில்லை என்றால் ஃப்யூஸ், பெடல் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போகலாம். குளிர்காலத்தில் எலி புகுந்து வயரைக் கடித்து வைப்பதும் இங்கே சகஜம். இந்தப் பாதுகாப்பு சுவிட்சுகளை வயர் போட்டு நேரடியாக இணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பிளேடு சுழலும்போது ஆள் சீட்டைவிட்டு எழுந்தால் இஞ்சினை நிறுத்துவது இந்தச் சுவிட்சுகள்தான். ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டைக் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்வதும் இதே ஆபத்துதான். கியரில் இருக்கும் வண்டி ஆள்மேல் ஏறிவிடும்.

அடுத்தது, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. இங்கே கார் பழக்கம் நம்மைக் குழப்பும். காரில் சாவியை அணைத்தால் பற்றவைப்புக்குப் போகும் மின்சாரம் நிற்கும். பெரும்பாலான மோவர்களில் இது தலைகீழ். இஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தில் பதித்த காந்தம் ஒரு சுருளைக் கடந்து ஓடும்போது, ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த தூண்டலின்படி மின்சாரம் தானாகப் பிறந்து ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி ப்ளக்கில் பொறியாகிறது. பேட்டரி தேவையே இல்லை. நம்மூரில் டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. இஞ்சினை நிறுத்த அந்தச் சுருளின் வயர் ஒன்றை எர்த்தில் சேர்க்கிறார்கள். ஆக, அந்த வயர் எங்காவது உரசி, தோல் உரிந்து சட்டத்தில் பட்டாலே போதும், சாவி எந்த நிலையில் இருந்தாலும் பொறி வராது. சோதனைக்கு அந்த வயரைச் சுருளிலிருந்து கழற்றிப் பார்க்கலாம். பொறி திரும்பினால் சுருள் நல்லது, குற்றம் வயரிலோ சுவிட்சிலோ. பார்த்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் சாவியால் இஞ்சின் நிற்காது. பொறி வந்தும் பிடிக்காவிட்டால் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் சொலினாய்டைக் கவனியுங்கள். சாவியை ஆன் செய்ததும் அது மெல்ல ‘டிக்’ என்று சொல்ல வேண்டும்.

மின்கோளாறு மாதிரியே ஏமாற்றும் ஒன்றும் இருக்கிறது. செல்ஃப் அரைச் சுற்று சுற்றிச் சுவரில் முட்டியதுபோல நிற்கும். புது பேட்டரி போட்டாலும் அப்படியே நிற்கும். ஒற்றை சிலிண்டர் இஞ்சினில் அழுத்தம் மிக அதிகம். அதைச் சமாளிக்க, ஸ்டார்ட் ஆகும் மெதுவான வேகத்தில் மட்டும் வால்வை மயிரிழை திறந்து காற்றை வெளியேற்றும் ஏற்பாடு வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டில் இருக்கும். நாளடைவில் வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி அகன்றுபோனால் அந்த மயிரிழைத் திறப்பு காணாமல் போகும். முழு அழுத்தத்தையும் எதிர்த்துத் தள்ள செல்ஃபால் முடியாது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து அந்த இஞ்சினுக்குரிய அளவுக்குச் சரிசெய்தால் பழைய பேட்டரியிலேயே சுற்றும்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் முழு வேகத்தில் வைத்து பேட்டரியை ஒருமுறை அளந்துவிடுங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால் ஃப்ளைவீலுக்கு அடியிலுள்ள சுருளும் ரெகுலேட்டரும் சார்ஜ் ஏற்றுகின்றன. என்னுடையதில் 14.1. நவம்பரில் கடைசி வெட்டு முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, நெகட்டிவை முதலில் கழற்றி, வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போயிருக்கும். இந்த ஊர்க் குளிரில் அது உறைந்து டப்பாவே விரிசல் விட்டுவிடும். மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்குக் கீழே போனால் ராத்திரி சார்ஜரில் போடுகிறேன்.